மைனஸ் தூசு

காற்றுத் தர அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்தில் இரண்டே வரிகள். "எங்கள் தராசு நம் ஊர்க் காற்றிலுள்ள தூசின் எடையை மைனஸ் இருபது மில்லிகிராம் என்று காட்டுகிறது. இது தராசின் கோளாறா, காற்றின் சிறப்பா என்று நேரில் பரிசோதித்து எழுத்து மூலம் தெரிவிக்கவும்."

முப்பது வருஷமாகத் தராசு ரிப்பேர் செய்கிறேன். மளிகைக் கடைத் தராசு, நெல் மண்டித் தராசு, நகைக் கடைத் தராசு, பிறந்த குழந்தையை நிறுக்கும் ஆஸ்பத்திரித் தராசு எல்லாம் என் கை பட்டவைதான். எடைக்கல்லைத் தேய்த்து வைத்திருப்பவன், தட்டுக்கடியில் மெழுகை ஒட்டியிருப்பவன், நிறுக்கும்போது சுண்டுவிரலை வைத்து அழுத்துகிறவன் என்று இந்தத் தொழிலில் உள்ள அத்தனை திருட்டுத்தனமும் எனக்கு அத்துப்படி. ஆனால் ஒன்றுமில்லாததைவிடக் குறைவாக இருக்கும் தூசை நான் கேள்விப்பட்டதே இல்லை.

கடிதத்தை வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். அடுப்படியில் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"கேக்குறவன் கேனையனா இருந்தா..." என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கேப்பையில நெய் வடியுதுன்னு..." மறுபடி ஒரு இழுப்பு. "சொல்வாங்களாம்."

ஒரு பழமொழிக்கு மூன்று மூச்சு. வெயில் காலத்தில் அவள் என்னைத் திட்ட ஆரம்பித்தால், நான் தெருமுனை திரும்பும்வரை முற்றுப்புள்ளி இல்லாமல் அது பின்னாலேயே வரும். அறுவடை முடிந்ததும்தான் இந்தக் கஷ்டம். ஊரைச் சுற்றி வயல். அடுத்த நடவுக்குப் பத்து நாள்தான் அவகாசம். வெட்டிப்போட்ட வைக்கோலை அள்ள ஆளும் கிடையாது, வண்டியும் கிடையாது. கொளுத்துகிறார்கள். என் மச்சானே கொளுத்துகிறான். கொளுத்திவிட்டு அக்காவைப் பார்க்க வந்து, "என்னக்கா, இந்த வருஷமும் இளைப்பா?" என்று அழாத குறையாகக் கேட்கிறான். நான் அவனை என்னவென்று திட்டுவது? இதோடு மூன்று அரவை மில்களின் உமித் தூசும் சேர்ந்து, பனி நாளில் ஊர்மேல் மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும்.

முன்பெல்லாம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷின் ஒன்று இருந்தது. முகத்தில் மாஸ்க்கை வைத்து மருந்தைப் புகையாக ஊதும். அரை மணியில் நெஞ்சு இளகிவிடும். நான்கு வருஷத்துக்கு முன் எங்கள் ஊருக்குத் 'தூய காற்று ஊர்' என்று விருது கிடைத்தது. தூய காற்று உள்ள ஊருக்கு மூச்சு மெஷின் எதற்கு என்று அடுத்த வாரமே வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது மெஷின் இருக்கும் இடத்துக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அதுவும் பஸ் வந்தால்.

"காத்து மோசம்னு காத்து ஆபீஸ்ல இருந்து ஒரே ஒரு காகிதம் வரட்டும்," என்று டாக்டரம்மா என்னிடம் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். "மறுநாளே மெஷின் கேட்டு எழுதிடறேன்."

ஆகவே அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். தராசு கெட்டிருக்கிறது, நான் போய்ச் சரி செய்தால் மெஷின் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வயது ஐம்பத்தாறு. இருந்தும் அப்படி நினைத்தேன்.

காற்றுத் தர அலுவலகத்தின் ஜன்னல்கள் எல்லாம் சாத்தி, இடுக்குகளில் ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. "புகை உள்ளே வந்து ஃபைலைக் கெடுக்குது," என்று எழுத்தர் விளக்கினார். சுவரில் நான்கு விருதுகள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. ஐந்தாவதற்கு ஆணி தயாராக அடித்திருந்தது.

அதிகாரி கைகுலுக்கி, அவர்களுடைய முறையை விளக்கினார். மொட்டைமாடியில் ஒரு கூண்டு. அதற்குள் ஒரு வெள்ளை வடிதாள். நாள் முழுக்க மோட்டார் காற்றை இழுத்து அந்தத் தாள் வழியாக விடும். தூசு தாளில் தங்கிவிடும். புதுத் தாளின் எடை தலைமை அலுவலகத்திலிருந்து வரும் உறையிலேயே அச்சாகியிருக்கும். மறுநாள் காலை தாளை எடுத்து இங்கே நிறுக்க வேண்டும். கூடியிருக்கும் எடைதான் தூசு.

"போன வருஷம் வரைக்கும் சைபர் வந்துச்சு," என்றார் அதிகாரி. "இந்த வருஷம் மைனஸ். யோசிச்சுப் பாருங்க தராசுக்காரரே. நம்ம ஊர்க் காத்துல தூசு இல்லைங்கிறது மட்டும் இல்ல, தாள்ல இருக்கிறதையும் எடுத்துக்கிட்டுப் போகுது!"

நான் என் எடைக்கற்களை எடுத்து வைத்தேன். ஐந்து கிராம் வைத்தால் ஐந்து கிராம் காட்டியது. ஒரு கிராம் வைத்தால் ஒரு கிராம். ஊதினால்கூடக் கடைசி எண் நடுங்கியது. அவ்வளவு நல்ல தராசை என் தொழிலில் நான் தொட்டதில்லை. மனசு கேட்காமல் மூன்று தடவை நிறுத்துப் பார்த்தேன். பிறகு இத்தனை வருஷமாக எழுதும் அதே வாசகத்தை எழுதினேன்: "பரிசோதித்தேன். தராசு சரியாக இருக்கிறது." கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தேன். எழுத்தர் அதை வாங்கி எண் போட்டு உறையில் வைத்து ஒட்டினார்.

சாமான்களை மூட்டை கட்டும்போதுதான் அலுவலகத்தைப் பெருக்கும் அக்கா மாடிப்படியில் இறங்கி வந்தார். கையில் அன்றைய வடிதாள். அடுப்புக் கரியில் புரட்டியதுபோல் கருப்பாக இருந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒரு சின்ன பிரஷ்ஷால் வடிதாளைத் தேய்க்க ஆரம்பித்தார். தட்டினார், ஊதினார், மறுபடி தேய்த்தார். தாள் வெளுத்துக்கொண்டே வந்தது. தூசோடு தாளின் நாரும் கொஞ்சம் உதிர்ந்தது.

"என்னக்கா பண்றீங்க?"

"தாள் சுத்தமா இருக்கணும்ல அண்ணே. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஐயா ஆய்வுக்கு வந்தாரு. தாளைப் பாத்துட்டு, 'அரசாங்கப் பொருளை இவ்ளோ அழுக்காவா வெச்சிருப்பீங்க'ன்னு கத்து கத்துன்னு கத்திட்டாரு. எனக்கு மெமோ குடுத்தாங்க. அன்னையில இருந்து ஒரு நாள் தவறினதில்ல." அக்கா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இந்த வருஷம் புது பிரஷ் வாங்கிக் குடுத்திருக்காங்க. நல்லா வழிக்குது."

அதிகாரியின் அறைக்கு ஓடினேன்.

"சார், தூசு எல்லாம் செய்தித்தாள்ல இருக்கு சார்! நீங்க தூசைத் தட்டிட்டு எடை போடறீங்க!"

அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அதிர்ச்சி.

"உக்காருங்க. ஊர்ல தூசு இருந்தா அது தூசோட தப்பு. தாள்ல தூசு இருந்தா அது என் தப்பு. தாள் வெள்ளையா இருக்குன்னு நான் தினம் கையெழுத்துப் போடணும், தெரியுமா? சுத்தப் பதிவேடுன்னே ஒண்ணு இருக்கு."

"வெளியில பாருங்க சார், எதிர்க் கட்டடம் தெரியலை. ஊரே புகையுது."

"நெருப்பில்லாம புகையாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. புகை இல்லைன்னு எங்ககிட்ட காகிதம் இருக்கு. அப்போ நெருப்பும் இல்லை. அப்படியே இருந்தாலும் தரையில இருந்து பத்தடி உயரம் வரைக்கும் உள்ள புகை வேளாண் துறையோடது. அதுக்கு மேல போனாத்தான் எங்களுது. உங்க மூக்கு எவ்ளோ உயரத்துல இருக்கு?"

"அஞ்சடி."

"பாத்தீங்களா?"

"அப்போ என் கடிதத்தையாவது திருப்பிக் குடுங்க. வேற மாதிரி எழுதித் தர்றேன்."

"அது நம்பர் வாங்கிடுச்சே. நம்பர் வாங்கின காகிதம் பொறந்த குழந்தை மாதிரி. திரும்ப உள்ள போகாது." பிறகு குரலைத் தாழ்த்தி, தோளில் கை வைத்துச் சொன்னார்: "நீங்க தராசுக்காரர். தராசைப் பத்தி மட்டும் பேசுங்க. காத்தைப் பத்திப் பேச நாங்க இருக்கோம். நாங்களே அதைப் பத்திப் பேசறதில்லை."

அடுத்த வாரம் விருது விழா. 'தூசுக்கும் கீழே சென்ற முதல் ஊர்' என்று பேனர். தராசைச் சான்றளித்த வல்லுநர் என்று என்னையும் மேடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வரமாட்டேன் என்றேன். வீட்டுக்காரிதான், "போவோம். தலைமை அதிகாரி வர்றாருல்ல... அவர்கிட்ட நேர்ல... சொல்லிடுவோம்," என்றாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

மண்டபத்தின் ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருந்தன. தலைமை அதிகாரி பேச எழுந்தார்.

"இந்த ஊர்க் காற்றை நான் இன்னும் சுவாசிக்கலை," என்று ஆரம்பித்தார். கைதட்டல். "கார்ல இருந்து நேரா மண்டபத்துக்கு வந்துட்டேன். சுவாசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எண்கள் இருக்கு! சாதாரண மனுஷன் காற்றை மூக்கால தெரிஞ்சுக்கறான். மூக்கு ஏமாத்தும். சளி பிடிக்கும். நம்ம துறை மூக்கை நம்பினதே இல்லை. பாருங்க, மைனஸ் இருபது! இப்படியே உழைச்சா அடுத்த வருஷம் மைனஸ் நூறை எட்டலாம்."

அப்போது முன்வரிசையில் இருமல் தொடங்கியது. என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டுதான் இருமினாள். நிற்கவில்லை. எழுத்தர் குனிந்தபடி ஓடிவந்தார்.

"அம்மா, தூய காற்று விழாவில இருமினா தப்பா எடுத்துப்பாங்க. கொஞ்சம் வெளிய போய் இருமிட்டு வாங்கம்மா."

மேடையிலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் எழுந்து, யாருக்கும் மறைக்காமல் ஓரமாக நடந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். வெளியே மாலை நேரம். மேற்கே அத்தனை வயலும் எரிந்துகொண்டிருந்தது. மேடையிலிருந்து நான் உடனே இறங்கியிருக்க வேண்டும். தலைமை அதிகாரி என் கையில் சட்டம் போட்ட காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் புகைப்படத்துக்காக என்னைப் பிடித்து நிறுத்தியிருந்தார். நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வெளியே வந்து பார்த்தபோது மண்டபப் படியில் சாய்ந்து கிடந்தாள். உதடு நீலம். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன்.

டாக்டரம்மா ஊசி போட்டார். நாடியைப் பிடித்தபடியே, "மெஷின் வேணும். உடனே மெஷின் இருக்கிற ஊருக்குக் கொண்டு போங்க," என்றார்.

"பஸ் ரெண்டு மணி நேரம்மா. அவசரம்னு எழுதியாவது ஒரு மெஷின் வாங்கிக் குடுங்களேன்!"

"எழுதினேங்க. போன வாரமே எழுதினேன். இதான் பதில்." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நகலை எடுத்துக் காட்டினார். அது என் கையெழுத்து, என் முத்திரை. 'பரிசோதித்தேன். தராசு சரியாக இருக்கிறது.' அதற்குக் கீழே சிவப்பு மையில், 'ஆகவே இந்த ஊரில் மூச்சுத் திணறல் ஏற்பட வாய்ப்பில்லை' என்று எழுதியிருந்தது.

"இதுக்கு மேல நான் எழுதினா சாதாரண இருமல்னுதான் எழுதணும்," என்றார். அவருக்கே கண் கலங்கியிருந்தது. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கையெழுத்து என்னுடையது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. மச்சான் வயலிலிருந்து கரி படிந்த சட்டையோடு ஓடிவந்து, யாரிடமோ வேன் கேட்டு ஓட்டினான். வழி முழுக்கக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தோம், இரண்டிலும் புகைதான். "என் தீதானே அக்கா, என் தீதானே," என்று அவன் புலம்பிக்கொண்டே ஓட்டினான். பதில் சொல்லுமளவுக்கு அவளுக்கு மூச்சு இல்லை. ஐந்து நாள் மெஷினில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். "இன்னொரு தடவை இந்த மாதிரி லேட் பண்ணினா எங்க கையில இல்லை," என்றார் அங்கிருந்த டாக்டர். அறுவடைக் காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

மறுநாள் பெருக்கும் அக்காவின் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, என் கையாலயா அண்ணே? அழுக்கைத் துடைக்கறது தப்புன்னு எனக்கு யாரும் சொல்லலையே! நிறுத்திடறேன்."

"நிறுத்தினா உங்களுக்கு மெமோ வரும். அப்புறம் வேலை போகும். தாளை அதிகாரி பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போடறாரு? நீங்க தேய்ங்க. எனக்கு ஒரே ஒரு தாள் மட்டும் தேய்க்காம வேணும்."

கொண்டுவந்து கொடுத்தார். உறையும் கூடவே. நகைக் கடையில் வைத்து நிறுத்தேன். தூசு மட்டும் முந்நூற்று எண்பது மில்லிகிராம். ஊருக்கு 'மிக மோசம்' என்று எழுதப் போதுமான அளவு. ஒரே நாளில் எங்கள் ஊர் இழுத்த காற்று அது.

வீட்டுக்கு வந்து, என்னிடமிருந்த ஐந்து கிராம் எடைக்கல் ஒன்றை எடுத்து அரத்தால் தேய்த்தேன். தேய்த்த கல் வைத்திருந்தவர்களை நான் கடை கடையாகப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவனைச் சந்தையில் எல்லார் முன்னாலும் அசிங்கப்படுத்தியிருக்கிறேன். கை கூசத்தான் செய்தது. ஆனாலும் அவசரப்படாமல், எவ்வளவு பொய் சொல்ல வேண்டுமோ அவ்வளவுக்குச் சரியாகத் தேய்த்தேன். அப்புறம் 'விருதுக்குப் பிந்தைய இலவசப் பராமரிப்பு' என்று சொல்லிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். இலவசம் என்றதும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தேய்த்த கல்லைத் தட்டில் வைத்து, இதுதான் ஐந்து கிராம் என்று அந்த நல்ல தராசை நம்பவைத்தேன். இனி அது எதை வைத்தாலும் கூட்டித்தான் சொல்லும்.

மறுநாள் காலை அக்கா தாளைப் பளிச்சென்று தேய்த்து வைத்தார். அதிகாரி 'வெள்ளை' என்று கையெழுத்துப் போட்டார். எழுத்தர் நிறுத்தார். முந்நூற்று எண்பது.

அலுவலகமே ஆடிப்போனது. எண்ணைச் சந்தேகப்பட வழியில்லை; தராசு சரி என்று தலைமை அலுவலகமே சட்டம் போட்டுக் கொடுத்திருந்தது. மூன்றே நாளில் உத்தரவு வந்தது. அரசாங்கத்தில் அவ்வளவு வேகத்தை நான் பார்த்ததில்லை. ஒரு வண்டியில் மூச்சு மெஷினும் வந்தது. தெருவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். வண்டி ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போனது. நேராகக் காற்றுத் தர அலுவலகத்தின் வாசலில் நின்றது.

பின்னாலேயே ஓடினேன். "சார், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்."

"தெரியும்," என்றார் அதிகாரி. அவர் புது முகமூடி போட்டிருந்தார். "மிக மோசமான காத்துல வேலை பாக்கற ஊழியர்களோட உடல்நலத்தைக் காக்கறதுக்காக வந்த மெஷின் இது. நானும் எழுத்தரும் எவ்ளோ ஆபத்துல இருக்கோம் பாருங்க."

"பொதுமக்களுக்கு?"

"பொதுமக்கள் பழகிட்டாங்க. நாங்க வெளியூர்க்காரங்க."

மெஷின் வந்த நான்காம் நாள் காலை, வீட்டுக்காரிக்கு மறுபடி இழுக்க ஆரம்பித்தது. வேன் கிடைக்கவில்லை. அவளை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து, என் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, காற்று அலுவலகத்துக்கே ஓட்டினேன். கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனேன்.

"இது ஊழியர்களுக்கு மட்டும்," என்று எழுத்தர் குறுக்கே நின்றார்.

"சார், அவளைப் பாருங்க சார்!"

அதிகாரி பார்த்தார். மனுஷனுக்கு உண்மையிலேயே சங்கடமாகத்தான் இருந்தது. "விதி இருக்கே தராசுக்காரரே. விதி இல்லாம இருந்தா நானே..."

பெருக்கும் அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தார். அதிகாரியின் நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்து, மெஷினைச் சொருகி, மாஸ்க்கை முகத்தில் வைத்தார்.

"ஏம்மா, யாரைக் கேட்டு...?"

"ஐயா, நானும் ஊழியர்தானே? பதினேழு வருஷமா இந்தக் காத்தைப் பெருக்கறேன். இதுல எனக்கும் பங்கு இருக்குல்ல? என் பங்கை இவங்க எடுத்துக்கட்டும்."

அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "ஊழியர் தன் மூச்சை இன்னொருத்தருக்குக் குடுக்கலாம்னு எங்கயும் இல்லை சார்," என்றார். "குடுக்கக் கூடாதுன்னும் இல்லை."

"அப்போ தலைமை அலுவலகத்துக்கு விளக்கம் கேட்டு எழுதுங்க. பதில் வர்ற வரைக்கும் இருக்கிற நிலை தொடரட்டும்." அதிகாரி தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடியே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். "நல்லவேளை நீங்களே வந்தீங்க. மைனஸ் இருபது எப்படி ஒரே நாள்ல முந்நூத்தி எண்பது ஆச்சுன்னு மேல இருந்து கேட்டிருக்காங்க. தராசு தப்புன்னா மெஷினை இன்னைக்கே திருப்பி அனுப்பணும். சரின்னா இங்கேயே இருக்கும். பாத்துட்டு எழுதிக் குடுங்க."

மூலையில் தராசு இருந்தது. நான் அதன் பக்கம் போகவில்லை. நாற்காலியில் அவளுடைய தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். பரிசோதித்தேன். தராசு சரியாக இருக்கிறது. கையெழுத்து. முத்திரை.

எழுத்தர் எண் போட்டு எடுத்துப் போனார். அவள் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி என்னைப் பார்த்தாள். என் தொழிலையும் என் முகத்தையும் முப்பது வருஷமாகப் பார்த்தவள்.

"என்னங்க எழுதினீங்க?" என்றாள்.

"பேசாதே," என்றேன். "மூச்சு விடு."